விளைக்குள் வந்த பெரிய நத்தையை எப்படிச் சமாளிப்பது

விளை என்று எங்கள் பக்கம் சொல்வது தோட்டத்தை. எங்கள் விளை 22 சென்ட். குழித்துறை ஆற்றிலிருந்து கொஞ்ச தூரம்தான். ஏத்தன் வாழை, நாலு மூடு பப்பாளி, வேலியோரம் செம்பருத்தி, கிணற்றடியில் சேம்பு, பின்பக்கம் மரச்சீனி. 2018-ல் வைகாசி மழை பிடித்த மூன்றாம் நாள் ராத்திரி, மோட்டார் சுவிட்சைப் போட டார்ச்சோடு போனவள் அப்படியே நின்றுவிட்டேன். சேம்பு இலை ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நத்தைகள். கிணற்றுச் சுவரில் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. கால் வைத்த இடத்தில் ஓடு நொறுங்கும் சத்தம். 140 வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை. விடிந்து பார்த்தால் நட்டுப் பத்து நாள் ஆன வாழைக்கன்றுகளில் குருத்து இல்லை. பப்பாளி நாற்று இருந்த இடத்தில் குச்சி மட்டும் நின்றது.

அந்த வருஷம் நான் செய்ததெல்லாம் உப்பை அள்ளி வீசியதுதான். நத்தை செத்தது, கூடவே கிணற்றடி மண்ணும் கெட்டது. அடுத்த மழைக்கு நத்தை திரும்பி வந்தது, கீரைதான் முளைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ராத்திரியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அதைப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு பிடிபட்ட விஷயம் இது: நத்தையின் தோல் தண்ணீரைப் பிடித்துவைக்காது. வெயில் பட்டாலும் காற்று அடித்தாலும் உடம்பின் ஈரம் போய்க்கொண்டே இருக்கும். போதாததற்கு, நகர்கிற ஒவ்வொரு அங்குலத்துக்கும் அது கோழையைச் செலவழிக்க வேண்டும். அந்தக் கோழையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். ஆகவே அது எப்போது வெளியே வரும், எங்கே ஒளியும், எங்கே முட்டையிடும், எத்தனை மாதம் தூங்கும் என்றெல்லாம் தெரிய வேண்டுமானால், விளையில் ஈரம் எங்கே, எப்போது இருக்கிறது என்று பார்த்தால் போதும். கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

முதலில் ஆள் யார் என்று பாருங்கள்

கண்ணில் பட்ட நத்தையை எல்லாம் கொல்ல வேண்டாம். நம் மண்ணின் நத்தைகளும் கூடவே இருக்கின்றன. அவை பெரும்பாலும் சருகையும் பாசியையும் தின்று மண்ணுக்கு உரம் சேர்ப்பவை.

விளையை அழிப்பது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம் அதன் சொந்த இடம். 1847-ல் பென்சன் என்ற நத்தை ஆராய்ச்சியாளர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு உயிரோடு கொண்டுவந்தார், இந்தியாவில் அதன் கதை அங்கே தொடங்குகிறது. ஓடு கூம்பு மாதிரி நீண்டிருக்கும், வளர்ந்ததில் 7 முதல் 9 சுற்று வரை எண்ணலாம். தவிட்டு நிறத்தில், நெடுக்காக, ஒழுங்கில்லாத கரும்பழுப்புப் பட்டைகள். எங்கள் விளையில் கிடைப்பது பெரும்பாலும் என் உள்ளங்கை நீளம். 20 சென்டிமீட்டர் வரைகூட வளரக்கூடிய சாதி இது.

நம்மூர்த் தரை நத்தையின் ஓடு தட்டையாக, முறுக்குப் போலப் படுத்த வாக்கில் சுற்றியிருக்கும். ஒரு கரும்பட்டை அதைச் சுற்றி ஓடும். வயலிலும் குளத்திலும் கிடக்கும் உருண்டை நத்தை வேறு. அதன் வாயில் கெட்டியான மூடி உண்டு. நத்தைக்கறி வைக்கிறவர்கள் எடுப்பது அதைத்தான். ஆப்பிரிக்க நத்தைக்கு அப்படிப்பட்ட நிரந்தர மூடி கிடையாது. மூடி இருந்தால் விட்டுவிடுங்கள், தட்டையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். சந்தேகம் வந்தாலும் விட்டுவிடுவதுதான் என் பழக்கம்.

ஒரு ராத்திரி கண்ணாடியில் வைத்துப் பாருங்கள்

பிடிக்கிற வேலைக்கு இது அவசியமா என்று கேட்பீர்கள். எனக்கு அவசியமாக இருந்தது. பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றை நனைத்து, கையுறை போட்டுக்கொண்டு, நடுத்தர அளவு நத்தை ஒன்றை அதில் விடுங்கள். கண்ணாடியைத் தூக்கி, அடியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

பாதம் முழுவதும் ஒரே சமயத்தில் நகராது. வாலிலிருந்து தலைப்பக்கமாக மெல்லிய கரும்பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டே இருக்கும். பட்டை இருக்கும் இடம் மட்டும் முன்னே போகிறது, மற்ற இடமெல்லாம் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. அந்தக் கோழை சும்மா இருக்கும்போது பசை, பட்டை அழுத்தும்போது எண்ணெய். அதனால்தான் செங்குத்துச் சுவரிலும், தலைகீழாக ஓட்டின் அடியிலும் அதனால் போக முடிகிறது. என் பேத்தி அன்றைக்கு அரை மணி நேரம் வாய் திறக்காமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கொஞ்சம் அரிசிமாவைக் கரைத்துக் கண்ணாடியில் மெல்லியதாகப் பூசுங்கள். நத்தை அதில் வந்ததும் வாய் திறந்து மூடுவது தெரியும். உள்ளே அரம் போன்ற ஒரு நாக்கு, அதில் ஆயிரக்கணக்கான நுண்ணிய பற்கள். முன்பல் தேயத் தேய பின்னாலிருந்து புதிய வரிசை வந்துகொண்டே இருக்கும். மாவில் விழும் தடத்தைப் பார்த்தால் இலையை அது கடிப்பதில்லை, சுரண்டித்தான் தின்கிறது என்பது புரியும். ராத்திரி சத்தமில்லாத நேரத்தில் சேம்பிலையின் பக்கம் காதை வைத்தால் அந்தச் சுரண்டல் கேட்கும்.

தலையில் இரண்டு ஜோடிக் கொம்புகள். மேல் ஜோடியின் நுனியில் கண். அது வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்தறியும், அதற்கு மேல் அதிகம் பார்க்காது. கீழ் ஜோடி தரையைத் தொட்டும் ருசித்தும் அறிய. மெதுவாகத் தொட்டால் கொம்பு, சட்டைக் கையை உள்பக்கமாகத் திருப்பியது போல, தனக்குள்ளேயே சுருண்டு போய்விடும். ஓட்டின் விளிம்புக்கு அடியில், வலது பக்கம், ஒரு சின்னத் துளை திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சு விடும் வழி. நத்தைக்கு இரை தெரிவது பெரும்பாலும் வாசனையால். இதைத் தெரிந்துகொண்டதுதான் என் சாக்குப் பொறிக்கு அடிப்படை.

சாக்குப் பொறி

சணல் சாக்கு வேண்டும், பிளாஸ்டிக் சாக்கு ஈரத்தைப் பிடிக்காது. நன்றாக நனைத்துப் பிழிந்து, விளையின் எல்லையில் கல் வைத்துக் கட்டிய கையாலைச் சுவரின் நிழலிலோ கிணற்றடியிலோ விரியுங்கள். அதன் அடியில் பப்பாளி இலையும் நசுக்கிய பப்பாளித் தண்டும் வையுங்கள். முட்டைக்கோஸின் மேல் இலைகளும் நல்ல இரை. கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டுவிட்டு, காலை ஐந்தரைக்கே போய்த் தூக்குங்கள். வெயில் ஏறினால் சாக்கு காய்ந்து, நத்தை வேறு ஈரம் தேடிப் போய்விடும். மழைத் தொடக்கத்தில் 22 சென்டுக்கு ஐந்து சாக்கு போடுகிறேன். மழை பலமாகப் பெய்யும் ராத்திரி போட்டுப் பயனில்லை, விளை முழுக்கவே ஈரமாக இருக்கும்போது சாக்கைத் தேடி அது ஏன் வர வேண்டும்? மழை விட்ட மறுநாள்தான் சாக்கு நிறையும்.

சாக்கை எங்கே விரிப்பது என்பதற்கு என் பேத்தியின் நகப்பூச்சு உதவியது. கையாலையின் ஒரு பொந்தில் பகலில் பதுங்கியிருந்த 20 நத்தைகளின் ஓட்டில் ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு வைத்து, அங்கேயே விட்டுவிட்டேன். ஒரு வாரம் காலையில் போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒவ்வொரு நாளும் அதே பொந்தில்தான் இருந்தன. ராத்திரி வாழைக்கும் சேம்புக்கும் போய்விட்டு, விடிவதற்குள் கோழைத் தடத்தைப் பிடித்து வீடு திரும்பும் வழக்கம் அதற்கு உண்டு. காலையில் வெள்ளி மாதிரி மின்னும் தடம் உங்களை அந்தப் பொந்துக்கே கூட்டிக்கொண்டு போகும். விளை முழுக்க அலைவதைவிட, நாலைந்து பொந்தைக் கண்டுபிடித்து அதன் வாசலில் சாக்கு விரிப்பது பலன் தரும்.

முட்டை

எல்லா வேலையிலும் பெரிய வேலை இதுதான். சாக்கில் பத்து நத்தை பிடிப்பதைவிட ஒரு முட்டைக் குவியலை எடுப்பது மேல்.

ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணும் சேர்ந்தது. ஆண் தன்மை முதலில் முதிரும், பெண் தன்மை பிறகு. இரண்டு நத்தை இணைந்தபின், வாங்கிய விந்தை உடம்புக்குள் பல மாதம் பத்திரமாக வைத்திருந்து, ஈரம் வரும்போது முட்டையிடும். ஒரு தடவைக்கு 100-லிருந்து 400 வரை, வருஷத்தில் பல தடவை. 1966-ல் ஹவாயிலிருந்து மயாமிக்குத் திரும்பிய ஒரு சிறுவன் மூன்று நத்தைகளைக் கொண்டுவந்தான், வீட்டில் பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். ஏழு வருஷத்தில் 18,000-க்கு மேல் பிடிக்க வேண்டியதாயிற்று. அதை ஒழிக்கச் சுமார் பத்து வருஷமும் பத்து லட்சம் டாலரும் ஆனது. ஆகவே ஒன்றே ஒன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

முட்டை பார்க்க ஊறிய ஜவ்வரிசி மாதிரி. அதே அளவு, கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை, மேலே மெல்லிய சுண்ணாம்புத் தோடு. அழுகும் வாழை மட்டைக்கு அடியில், பூச்சட்டிக்கும் தரைக்கும் இடையில், எருக்குழி ஓரத்தில், மண்ணுக்குள் ஒன்றிரண்டு அங்குல ஆழத்தில் குவியலாகக் கிடக்கும். மழை தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் தேடுங்கள், ஏனென்றால் சூட்டைப் பொறுத்து ஓரிரு வாரத்திலேயே பொரிந்துவிடும். குஞ்சு வெளியே வந்ததும் முதலில் தின்பது தன் முட்டைத் தோட்டைத்தான், ஓடு வளர்க்கச் சுண்ணாம்பு வேண்டுமே. சட்டிகளை வாரம் ஒரு முறை புரட்டுங்கள். வெட்டிய வாழைத்தாரின் தண்டையும் மட்டையையும் விளையிலேயே குவித்துவைக்காமல், நறுக்கி வெயிலில் பரப்புங்கள். நான் வருஷக்கணக்காகக் கிணற்றடியில் குவித்திருந்த மட்டைக் குவியல்தான் அந்த 140-க்கும் பிறந்த வீடு.

சுண்ணாம்பு ஆசையைப் பற்றி இன்னொன்று. எங்கள் பக்கத்து வீட்டுக் கொத்தனார் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, “அக்கா, வெள்ளையடிச்சு ஒரு மாசம்தான் ஆச்சு, சுவரை எதுவோ நக்கி நக்கித் தின்னிருக்கு பாருங்க” என்று காட்டினார். முழங்கால் உயரத்துக்கு, சீப்பால் சீவியது போல வளைந்து வளைந்து தடம். நத்தைதான். சுவர், சிமென்ட், செத்த நத்தையின் ஓடு எதையும் விடாது. சாக்குக்கு அடியில் நொறுக்கிய முட்டை ஓட்டைத் தூவினால் இளம் நத்தைகள் கூடுதலாக விழுவதை அதற்குப் பிறகு பார்த்தேன்.

பங்குனியில் ஒரு சுற்று

மழைக்காலத்தில் மட்டும் வேலை என்று நினைக்காதீர்கள். வெயில் காலத்தில் நத்தை செத்துப்போவதில்லை. ஓட்டுக்குள் உடம்பை இழுத்துக்கொண்டு, கோழையையும் சுண்ணாம்பையும் சேர்த்து வாயில் காகிதம் போல ஒரு வெள்ளைத் திரையைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். பங்குனி, சித்திரையில் கையாலைக் கல் இடுக்கு, தொழுவத்தின் ஓட்டு இடுக்கு, தென்னை மூட்டின் பொந்து, அடுக்கிவைத்த செங்கல் இவற்றைப் பாருங்கள். ஓடாது, ஒளியாது, ராத்திரி விழிக்க வேண்டியதுமில்லை. அவ்வளவும் அடுத்த வைகாசிக்கு முட்டையிடப் போகிற முதிர்ந்தவை. போன வருஷம் செங்கல் அடுக்கு ஒன்றிலிருந்து மட்டும் 37 எடுத்தேன்.

கையும் வாளியும்

வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் நுரையீரல் நாளங்களில் வாழும் ஒரு புழுவின் இளம்பருவம் எலிப் புழுக்கை வழியாக நத்தைக்குள் போகிறது. நத்தையைச் சரியாக வேகாமல் தின்றாலோ, நத்தை ஊர்ந்த கீரையைக் கழுவாமல் பச்சையாகத் தின்றாலோ, மனிதருக்குள் வந்து மூளையைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி உண்டாக்கும். கேரளத்தில் குழந்தைகளுக்கு இது வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இடுக்கியோ கையுறையோ இல்லாமல் வேலை வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விளையில் பறித்த கீரையை இலை இலையாக ஓடும் தண்ணீரில் அலசி, வேகவைத்துச் சாப்பிடுங்கள். பேத்தி பார்ப்பதற்கு மட்டும்தான், எடுப்பது நான்.

பிடித்ததைக் கொல்ல நான் வெந்நீர்தான் பயன்படுத்துகிறேன். இரும்பு வாளியில் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை மூழ்கும் வரை ஊற்றினால் சீக்கிரம் முடிந்துவிடும். உப்பு போட்டால் உடம்பின் தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டு, நுரைத்து நுரைத்து நெடுநேரம் துடிக்கும். அது வாழையைத் தின்றது பசிக்காக. விளையைக் காப்பாற்ற அதைக் கொல்ல வேண்டியிருக்கிறது, ஆனால் துடிக்க வைக்க எனக்கு மனமில்லை. ஆறியதும் ஒன்றரை அடிக் குழியில் போட்டு, மேலே சுண்ணாம்பு தூவி மூடுங்கள். வெறும் ஓடுகளை வெளியே விடாதீர்கள், மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு வளரும்.

கன்றுகளுக்குக் காவல்

பப்பாளி, கமுகு, நின்ற வாழை இவற்றின் மூட்டில் போர்டோ பசை ஒரு அடி அகலத்துக்குப் பூசலாம். 100 கிராம் மயில்துத்தத்தை (செம்பு கலந்த நீல உப்பு) அரை லிட்டர் தண்ணீரில், 100 கிராம் நீற்றுச் சுண்ணாம்பை அரை லிட்டரில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். மண்சட்டி அல்லது பிளாஸ்டிக் வாளி மட்டுமே. துத்தம் இரும்பை அரிக்கும். சரியாக வந்ததா என்று பார்க்க, சுத்தமான இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், படியாவிட்டால் பூசலாம். செம்பு உள்ள இடத்தைத் தாண்ட நத்தை விரும்பாது. பலத்த மழைக்குப் பிறகு மறுபடி பூச வேண்டும்.

நாற்றுக்கு இது ஆகாது. நாற்றுத் தட்டுகளை ஒரு பெஞ்சில் வைத்து, கால் நாலையும் உப்புத் தண்ணீர் நிறைந்த சிரட்டையில் நிறுத்தியிருக்கிறேன், எறும்புக்குச் செய்வது போலத்தான். பெஞ்சு சுவரைத் தொடக் கூடாது, தொட்டால் அந்த வழியாக ஏறிவிடும்.

கடையில் விற்கும் விஷ உருண்டையை நான் வாங்குவதில்லை. நாய்க்குப் பிடித்த வாசனை அதில் இருக்கிறது, தின்ற நாய் பிழைப்பது கஷ்டம். எங்கள் தெருவில் ஒரு நாய் அப்படி இழுத்து இழுத்துச் செத்ததைப் பார்த்தவள் நான். நத்தையைத் தின்ன வேறு நத்தையை இறக்குமதி செய்தால் என்ன என்றும் சிலர் கேட்கிறார்கள். ஹவாயில் 1955-ல் அதைத்தான் செய்தார்கள். வேட்டை நத்தை ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அது ராட்சத நத்தையை ஒழிக்கவில்லை, அந்தத் தீவுகளுக்கே உரிய அழகான மர நத்தைகளைத்தான் தின்றது. அவற்றில் பல இனங்கள் இன்று இல்லை. 1970-களில் தாஹிட்டியிலும் அதே கதை நடந்தது.

வெளியிலிருந்து எதுவும் வர வேண்டாம், இங்கேயே ஆள் இருக்கிறது. செம்போத்து நத்தையைத் தேடித் தின்னும். அதற்காகவே வேலியின் வடக்கு மூலையில் புதரை வெட்டாமல் விட்டிருக்கிறேன். அதன் அடியில் உடைந்த ஓடுகள் கிடப்பதைக் காலையில் பார்க்கலாம். மின்மினியின் புழுவும் நத்தையைத் தின்னும். ஈரச் சருகில் மெதுவாக மினுங்கும் புழுவைக் கண்டால் மிதித்துவிடாதீர்கள். வாத்து வளர்க்கிறவர்களுக்குக் குஞ்சு நத்தைகளைப் பற்றிய கவலை குறைவு.

இந்த வருஷம் மழையின் மூன்றாம் நாள் ராத்திரி டார்ச்சோடு சுற்றியதில் 11 கிடைத்தன. ஒன்பது மேற்குக் கையாலையில், பக்கத்து விளையிலிருந்து ஏறி வந்தவை. கையாலை நத்தையைத் தடுக்காது. அதனால் கொத்தனார் வீட்டிலும் பொந்துகளைக் குறித்துவைத்திருக்கிறோம். இன்று மழை விட்டிருக்கிறது, மூன்று சாக்கை நனைத்து வைத்திருக்கிறேன். நாளை ஐந்தரைக்கு அவர் வாளியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.